கடைசி வரிசையின் குரல்

பாப் யூக்கர் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடியது 6 பருவங்கள். அதே ஆட்டத்தை வானொலியில் சொன்னது 54 பருவங்கள். 1962 முதல் 1967 வரை 297 ஆட்டங்களில் இறங்கினார். கணக்கில் வரும் 731 வாய்ப்புகளில் 146 முறைதான் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். பேட்டிங் சராசரி .200, அதாவது ஐந்துக்கு ஒன்று. பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன்கள் மொத்தம் 14. இந்த எண்களோடு ஓய்வு பெற்ற வீரரின் பெயரைப் பழைய அணிப் பட்டியல்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் 2003-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபம், வர்ணனையாளர்களுக்கு வழங்கும் ஃபோர்ட் சி. ஃப்ரிக் விருதை அவருக்கு வழங்கியது. அவருடைய நகைச்சுவைதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது பொதுவான பேச்சு. அது பாதி உண்மை. மறுபாதி, அவர் ஆடாமல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் இருக்கிறது.

யூக்கரின் வேலையைப் புரிந்துகொள்ள, ஆடியவர்கள் ஒலிவாங்கிக்கு வந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். மேஜர் லீக் பேஸ்பால் முதன்முதலாக வானொலியில் ஒலித்தது 1921 ஆகஸ்ட் 5 அன்று, பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையத்திலிருந்து. சொன்னவர் அந்நிலைய அறிவிப்பாளர் ஹரால்ட் ஆர்லின். அடுத்த பத்தாண்டு காலம் இந்த வேலை அறிவிப்பாளர்கள் கையிலும் செய்தித்தாள்காரர்கள் கையிலும்தான் இருந்தது. ஆட்டக்காரன் ஆடுவான், பேசத் தெரிந்தவன் பேசுவான் என்பதே வழக்கம். அதை முதலில் உடைத்தவர் கிளீவ்லேண்ட் நகரின் ஜாக் கிரேனி.

கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்த கிரேனி, கிளீவ்லேண்ட் அணி ஒன்றுக்காகவே ஆடியவர். 1914-இல் பேப் ரூத் பிட்சராகத் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் பந்தெறிந்தபோது எதிரே நின்ற முதல் மட்டையாளர் அவர்தான். 1922-இல் ஆட்டத்தை விட்டபின் கார் விற்றார். 1932-இல் கிளீவ்லேண்ட் வானொலியில் ஆட்டம் சொல்ல வந்தார். முழுநேர நேர்முக வர்ணனைக்கு வந்த முதல் முன்னாள் வீரர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அந்நாளில் வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளரை அனுப்புவதில்லை. ஆட்டச் செய்தி தந்தியில் ஓரிரு சொற்களாக வரும். நிலையத்து அறையில் உட்கார்ந்தபடி அந்தச் சொற்களை ஆட்டமாக்கிச் சொல்ல வேண்டும். கிரேனி அந்த மைதானங்களில் பெரும்பாலானவற்றில் ஆடியவர். எந்தச் சுவர் எத்தனை உயரம், எந்த மூலையில் விழுந்த பந்து எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவர் கால்களுக்கே தெரியும். தந்தியில் இல்லாததை அவர் அந்த நினைவிலிருந்து நிரப்பினார். ஆடியவன் ஏன் பேச வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை பின்னாளிலும் கிடைக்கவில்லை.

எதிர்ப்பும் வந்தது. 1934-இல், இரு லீக்குகளின் முதல்வர்கள் மோதும் உலகத் தொடரைச் சொல்லக் கிரேனியை அழைக்க நினைத்தபோது, பேஸ்பாலின் தலைமை ஆணையராக இருந்த கெனசா மவுண்டன் லாண்டிஸ் மறுத்துவிட்டார். தான் ஆடிய லீக்கின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்பது அவர் அச்சம். தான் ஆடிய காலம் முடிந்துவிட்டது, இப்போது தன்னை வர்ணனையாளராகவே மதிக்க வேண்டும் என்று கிரேனி வாதாடினார். 1935 உலகத் தொடரில் அவர் குரல் ஒலித்தது. 1953 வரை அவர் கிளீவ்லேண்டின் குரலாக இருந்தார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து, 2022-இல்தான் ஃப்ரிக் விருது அவர் பெயருக்கு வந்தது. மிகவும் தாமதமான நீதி அது.

கிரேனிக்கு நேர் எதிரான வகை டிஸ்ஸி டீன். 1934-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 30 ஆட்டங்களை வென்ற பிட்சர். 1937-இன் நட்சத்திர ஆட்டத்தில் பாய்ந்து வந்த பந்து ஒன்று அவர் கால்விரலை உடைத்தது. ஆறுமுன் மீண்டும் எறியத் தொடங்கினார். வலிக்கும் காலுக்கு ஏற்ப உடலைத் திருப்பி எறிந்ததில் தோள் கெட்டது. 1941-இல் அதே செயின்ட் லூயிஸில் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஆர்கன்சாஸின் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்ததில்லை. வழுக்கிக்கொண்டு தளம் சேர்வதைக் குறிக்கும் வினைச்சொல்லின் இறந்தகாலத்தைத் தன் போக்கில் புதிதாகச் செய்துகொண்டார். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பள்ளி ஆசிரியர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. நாட்டுப்புறத்துக் கேட்போரோ தங்கள் வீட்டுப் பேச்சை வானொலியில் முதன்முதலாகக் கேட்டார்கள். 1947-இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் பிட்சர்களைத் தொடர்ந்து திட்டிக்கொண்டே வந்தார், தானே இவர்களைவிட நன்றாக எறிவேன் என்றார். அணி நிர்வாகம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பருவத்தின் கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று 37 வயது வர்ணனையாளரைக் களத்தில் இறக்கியது. டீன் 4 இன்னிங்ஸ் எறிந்தார். எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. தானும் ஒரு பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார், ஓடும்போது கால் தசை பிடித்துக்கொள்ள விலகினார். அடுத்த பருவம் மீண்டும் ஒலிவாங்கிக்கே போனார்.

தொலைக்காட்சி வந்ததும் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் ஒவ்வொரு பந்தையும் சொல்லிக்கொண்டே போவார். அவர்தான் முதன்மை வர்ணனையாளர். பக்கத்தில் இருப்பவர் அது ஏன் நடந்தது என்று விளக்குவார். முன்னாள் வீரர்களுக்கு இரண்டாவது நாற்காலிதான் எளிதாகக் கிடைத்தது. முதல் நாற்காலிக்குச் சொல்வேகம் வேண்டும், மூச்சுக் கட்டுப்பாடு வேண்டும், படமே இல்லாத வானொலியில் கண்ணால் கண்டதை நொடியில் சொல்லாக்கும் பழக்கம் வேண்டும். அது ஆடிப் பழகுவதால் வருவதில்லை. இந்தக் காரணத்தால் தொழில்முறை வர்ணனையாளர்கள் பலர் முன்னாள் வீரர்களின் வரவை விரும்பவில்லை. ரெட் பார்பர் போன்ற மூத்தவர்கள் வெளிப்படையாகவே குறைகூறினார்கள். பந்தைப் பிடித்த புகழ் ஒன்றே வாய்ச்சொல்லுக்குத் தகுதியாகிவிடாது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. எத்தனையோ புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் ஓரிரு பருவம் பேசிவிட்டுக் காணாமல் போனார்கள்.

நிலைத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு செய்தி கண்ணில் படும்: அதில் கேட்சர்கள் அதிகம். ஜோ கராஜியோலா கேட்சர், டிம் மெக்கார்வர் கேட்சர், யூக்கரும் கேட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கும் இடத்தில், மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவர்தான் கேட்சர். களத்தில் உள்ள ஒன்பது பேரில் மற்ற எட்டுப் பேரும் மட்டையாளரை நோக்கி நிற்க, கேட்சர் ஒருவர்தான் களம் முழுவதையும் எதிரே விரித்துப் பார்க்கிறார். எந்த வகைப் பந்தை எறிவது என்று பிட்சருக்கு விரலால் சைகை காட்டுவதும் அவர்தான்; அப்படியானால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு பந்துக்கும் முன்பே அவர் நினைத்தாக வேண்டும். மட்டையாளரின் கால் நிலை, நடுவரின் அன்றைய மனப்போக்கு, பிட்சரின் தோள் தளர்ச்சி, எல்லாவற்றையும் கவனித்துக் கணக்கிடுவது அவர் தொழில். வர்ணனைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை.

இதற்கு நல்ல சான்று 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். நவம்பர் 4, ஃபீனிக்ஸ் நகரம். நியூயார்க் யாங்கீஸும் அரிசோனா டயமண்ட்பேக்ஸும் 2-2 என்று சமநிலையில். ஒன்பதாம் இன்னிங்ஸின் கடைசிப் பகுதி, மூன்று தளங்களிலும் ஆள், ஒருவர்தான் ஆட்டமிழந்திருக்கிறார். ரன்னைத் தடுக்க யாங்கீஸ் தன் உட்களத்தாரை முன்னே இழுத்து நிறுத்தியது. எறிபவர் மரியானோ ரிவேரா. மெக்கார்வர் தொலைக்காட்சியில் ஒரு சிக்கலைச் சொன்னார்: ரிவேராவின் பந்து இடக்கை மட்டையாளரின் உடலை நோக்கி உள்ளே திரும்பும், மட்டை உடையும், உடைந்த மட்டையில் பட்ட பந்து உட்களத்தாரின் தலைக்கு மேல் மெதுவாகப் போய் விழும், இப்படி முன்னே வந்து நின்றால் அதைப் பிடிக்க ஆளிருக்காது. அடுத்த பந்தில் லூயிஸ் கொன்சாலெஸ் அதையே செய்தார். பந்து டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேல் மிதந்து புல்லில் விழுந்தது. அரிசோனா வென்றது.

இந்த மெக்கார்வருக்கு மாற்று ஆளாகப் பெஞ்சில் இருந்தவர்தான் யூக்கர். இருவரும் 1964, 1965 பருவங்களில் கார்டினல்ஸ் அணியில் ஒன்றாக இருந்தார்கள். 1964-இல் அந்த அணி யாங்கீஸை ஏழு ஆட்டங்களில் வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. மெக்கார்வர் ஏழு ஆட்டமும் ஆடி .478 சராசரி எடுத்தார். யூக்கர் ஒரு பந்தையும் சந்திக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு முன், இசைக்குழுவினர் வைத்துவிட்டுப் போன டியூபாவை எடுத்து, உயரே வந்த பந்துகளை அதன் வாயால் பிடிக்க முயன்றது மட்டும் நினைவில் நின்றது. இந்த அணியைப் பற்றி இன்னொன்றையும் குறித்தாக வேண்டும். அதிலிருந்து வானலைக்கு வந்தவர்கள் மெக்கார்வரும் யூக்கரும் மட்டும் அல்ல. முதல் தளத்தில் ஆடிய பில் வொயிட் 1971 முதல் யாங்கீஸ் வர்ணனையாளராகி, பின்னர் 1989-இல் நேஷனல் லீக்கின் தலைவரானார். மைக் ஷானன் 1972 முதல் 2021 வரை 50 பருவங்கள் கார்டினல்ஸ் வானொலியில் பேசினார். ஒரே அணியிலிருந்து நான்கு நீண்ட குரல்கள். அந்த அணியின் ஓய்வறையில் ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு பேச்சு நடந்திருக்க வேண்டும்!

யூக்கர் 1934 ஜனவரி 26 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பிறந்தார். 1953-இல் பாஸ்டனிலிருந்து பிரேவ்ஸ் அணி மில்வாக்கிக்கு இடம் பெயர்ந்தது. ராணுவத்தில் இருந்து திரும்பிய யூக்கரை 1956-இல் அந்த அணி சேர்த்துக்கொண்டது. உள்ளூர்ப் பையன் உள்ளூர் அணியில் சேர்வது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, அவருக்கு வாய்த்தது. ஆனால் மேஜர் லீக்கில் கால்வைக்க 1962 வரை சிறு லீக்குகளில் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரேவ்ஸில் அவருக்கு அணித்தோழராக அமைந்தவர் மாபெரும் மட்டையாளர் ஹாங்க் ஏரன். இருவருக்கும் இடையிலான திறமைத் தொலைவு அளவிட முடியாதது. அந்தத் தொலைவைத்தான் யூக்கர் வாழ்நாள் முழுவதும் பேசினார்.

மட்டை வராவிட்டாலும் கையுறை அவருக்கு வந்தது. பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் நம்பகமான கேட்சர் என்றே அவரை வைத்திருந்தார்கள். மட்டையாலும் ஒருமுறை வியக்க வைத்தார்: 1965-இல், அக்காலத்தின் தலைசிறந்த பிட்சரான சாண்டி கோஃபாக்ஸின் பந்தை ஹோம் ரன் அடித்தார். தன்னிடம் ஹோம் ரன் கொடுத்ததாலேயே கோஃபாக்ஸுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் மறுக்கப்படுமோ என்று தனக்குக் கவலையாக இருந்தது என்று பின்னாளில் சொல்வார்.

1967-இல், அட்லாண்டாவுக்கு இடம் மாறியிருந்த பிரேவ்ஸுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை ஃபில் நீக்ரோவின் பந்தைப் பிடிப்பது. நீக்ரோ எறிந்தது நக்கிள்பால். விரல்நகங்களால் பற்றி, சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடும் பந்து அது. சுழலாததால் அதன் தையல் பக்கம் காற்றில் எப்படி மாட்டுகிறதோ அப்படியெல்லாம் பந்து தள்ளாடும்; எறிபவனுக்கும் அது போகுமிடம் தெரியாது. அந்தப் பருவத்தில் யூக்கரின் கையைத் தாண்டிப் போன பந்துகள் 27, மேஜர் லீக்கிலேயே அதிகம். நக்கிள்பாலைப் பிடிக்க நல்ல வழி, அது உருண்டு நிற்கும் வரை காத்திருந்து எடுத்துக்கொள்வதுதான் என்ற அவருடைய சொல் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் செய்தி முக்கியமானது. பந்து தவறிப்போகுமே என்று அஞ்சி நக்கிள்பாலைக் குறைக்காதே, நீ எறி, பிடிப்பது என் கவலை என்று நீக்ரோவுக்குத் துணிவு கொடுத்தவர் யூக்கர். 1967-இல் நேஷனல் லீக்கில் மிகக் குறைந்த ரன் சராசரி, 1.87, நீக்ரோவினுடையது. தன் வளர்ச்சியில் யூக்கருக்குப் பங்குண்டு என்று நீக்ரோ கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார். தவறிய பந்துகள் பிடித்தவர் கணக்கிலும், வென்ற பந்துகள் எறிந்தவர் கணக்கிலும் போயின. அதை யூக்கர் ஏற்றுக்கொண்டார்.

மாற்று ஆட்டக்காரனின் பொழுது நீளமானது. மாற்றுப் பிட்சர்கள் கை சூடேற்றும் புல்பென்னில், களத்தின் கோடியில், யூக்கர் மாலை மாலையாக உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த பீர் குவளையை ஒலிவாங்கியாக்கி, எதிரே நடக்கும் ஆட்டத்தைத் தோழர்களுக்குச் சொல்லிக் காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள். அதை யாரும் பயிற்சி என்று நினைக்கவில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் முன்னாள் வீரர்களில் மிகச் சிலருக்கே கைவந்த முதன்மை வர்ணனை அவருக்கு வந்ததற்கு அந்தக் குவளையைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்தபின் அட்லாண்டா அணிக்காக விருந்துகளிலும் கூட்டங்களிலும் பேசும் வேலை கிடைத்தது. தன் தோல்விகளையே கதையாக்கிச் சொன்னார். 1960-களின் இறுதியில் ட்ரம்பெட் இசைஞர் அல் ஹர்ட்டின் அட்லாண்டா விடுதி மேடையில் பேசியது, அவரை நாடறிந்த ‘டுநைட் ஷோ’வுக்குக் கொண்டுபோனது. நிகழ்ச்சியை நடத்திய ஜானி கார்சன் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தார். நூறு முறை அளவுக்கு அந்த நாற்காலியில் யூக்கர் உட்கார்ந்திருப்பார். ‘மிஸ்டர் பேஸ்பால்’ என்ற பட்டப்பெயர் கார்சன் சூட்டியது. .200 சராசரிக்காரருக்கு அந்தப் பெயர் என்பதே நாட்டைச் சிரிக்க வைத்தது.

இதற்கிடையே மில்வாக்கி தன் அணியை இழந்திருந்தது. பிரேவ்ஸ் 1966-இல் அட்லாண்டாவுக்குப் போய்விட, நான்கு பருவங்கள் நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. கார் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த பட் செலிக் விடாமல் முயன்று, சியாட்டிலில் ஒரே பருவத்தில் திவாலான பைலட்ஸ் அணியை 1970-இல் பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மில்வாக்கிக்குக் கொண்டுவந்தார். அதுதான் புரூவர்ஸ். செலிக் 1971-இல் யூக்கரை முதலில் எடுத்தது, இளம் வீரர்களைத் தேடிக் கண்டறியும் வேலைக்கு. அவர் அனுப்பிய அறிக்கை உருளைக்கிழங்கு மசியலும் குழம்புமாகக் கறைபடிந்து வந்து சேர்ந்தது என்று செலிக் பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த வேலை அத்தோடு சரி. அதே ஆண்டு செலிக் அவரை ஒலிபரப்பு அறைக்கு அனுப்பினார்.

அங்கே மெர்ல் ஹார்மன், டாம் காலின்ஸ் என்ற இரு தொழில்முறை வர்ணனையாளர்கள் இருந்தார்கள். யூக்கர் இடையிடையே விளக்கம் சொல்பவராகத்தான் உட்கார்ந்தார். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் இருவரும் எழுந்து அறையை விட்டு வெளியேறிவிட, ஒலிவாங்கிக்கு முன் தனியாகத் திகைத்து நின்ற கதையை அவரே சொல்லியிருக்கிறார். பந்து நின்றுகொண்டிருக்காது, யாராவது சொல்லியாக வேண்டும். சொன்னார். அப்படித்தான் விளக்கம் சொல்பவர் முதன்மை வர்ணனையாளரானார்.

வானொலி பேஸ்பாலின் இயல்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூக்கரின் கலை அங்கேதான் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை கிட்டத்தட்ட நாள்தோறும் ஆட்டம். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் அளவுக்கு நீளும். அதில் பந்து உண்மையாக ஓடிக்கொண்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரம் முழுவதும் பிட்சர் பந்தைத் துடைக்கிறார், மட்டையாளர் கையுறையை இறுக்குகிறார். கேட்பவர் உட்கார்ந்து கேட்பதில்லை. மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டும், காரோட்டிக்கொண்டும், வீட்டுத் தாழ்வாரத்தில் பழுது பார்த்துக்கொண்டும் கேட்கிறார். குரல் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும், தொந்தரவாகவும் இருக்கக் கூடாது. அரை நிமிடம் கவனம் தவறி மீண்டும் காது கொடுத்தவருக்கு எத்தனையாவது இன்னிங்ஸ், எத்தனை ரன், யார் எங்கே நிற்கிறார் என்பது உடனே விளங்க வேண்டும்.

யூக்கர் இந்த ஒழுங்கை விடவில்லை. பந்தின் எண்ணிக்கை, களத்தார் நிற்குமிடம், மிச்சிகன் ஏரியிலிருந்து வரும் காற்று, இவை முதலில். கதை அதற்குப் பிறகு. ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டால் அவர் கதைக்கு இடம் கிடைக்கும்: மீன்பிடிக்கப் போன கதை, பழைய பயணங்களின் கதை, பக்கத்தில் இருக்கும் தோழரைச் சீண்டுவது. பந்து எறியப்பட்டதும் கதை அந்தச் சொல்லோடு நிற்கும். பந்து போனபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆட்டம் நெருக்கமாக இருந்தால் சிரிப்பே இருக்காது. இதை அவர் ஒரு விதியாகவே வைத்திருந்தார். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்து, வானொலியிலும் வேடிக்கை மட்டும் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அவருடைய ஒன்பதாம் இன்னிங்ஸ் வியப்பாக இருந்திருக்கும். பந்து உயரே எழுந்து வேலியை நோக்கிப் போகும்போது அவர் வேறு வர்ணனை எதுவும் செய்ய மாட்டார். எழு, எழு, இங்கிருந்து வெளியே போ என்று பந்தையே விரட்டிவிட்டு, போய்விட்டது என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பார். அந்த முழக்கம் இன்று மில்வாக்கி மைதானத்தில் விளக்கெழுத்தில் இருக்கிறது.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. தன்னைத் தவிர வேறு ஆட்டக்காரரை அவர் கேலிப்பொருள் ஆக்கவில்லை. பந்தைத் தவறவிட்டவனுக்கு அன்றிரவு தூக்கம் வராது என்பது 27 பந்துகளைத் தவறவிட்டவருக்குத் தெரியும். பெரிய ஆட்டக்காரராக இருந்து வர்ணனைக்கு வந்தவர்களிடம் பலசமயம் ஒரு பொறுமையின்மை தெரியும். தங்களுக்கு எளிதாக இருந்தது மற்றவருக்கு ஏன் வரவில்லை என்ற எரிச்சல். யூக்கருக்கு எதுவும் எளிதாக இருந்ததில்லை. அவரைக் கேட்ட தலைமுறைகள் அவரிடம் உணர்ந்த இதம் இங்கிருந்து வந்தது என்றே கொள்ள வேண்டும். புரூவர்ஸ் வீரர்களும் அவரை வெளியாளாகக் கருதவில்லை. ஓய்வறையில் அவருக்கு எப்போதும் இடம் இருந்தது.

அந்த இதம் மில்வாக்கிக்குத் தேவைப்பட்டது. 1975, 1976 பருவங்களில் ஹாங்க் ஏரன் தன் ஆட்டவாழ்வை மில்வாக்கியிலேயே முடிக்கத் திரும்பி வந்தபோது, பழைய அணித்தோழரைச் சொல்லும் இடத்தில் யூக்கர் இருந்தார். 1982-இல் ராபின் யவுன்ட், பால் மாலிட்டர் காலத்து அணி உலகத் தொடர் வரை போய், யூக்கரின் பழைய அணியான கார்டினல்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 1987-இல் தொடர்ந்து 13 வெற்றிகளோடு பருவம் தொடங்கியது. அதில் பன்னிரண்டாவது, ஈஸ்டர் ஞாயிறன்று கடைசி இன்னிங்ஸில் ராப் டியரும் டேல் ஸ்வேமும் அடித்த ஹோம் ரன்களால் மீட்ட ஆட்டம். விஸ்கான்சின்காரர்கள் இன்றும் அதை யூக்கரின் குரலோடுதான் நினைக்கிறார்கள். ஆனால் 1982-க்குப் பிறகு அணி மீண்டும் பருவ முடிவுச் சுற்றுக்குப் போக 2008 வரை ஆயிற்று. 2002-இல் 106 ஆட்டங்கள் தோற்றது. பெரும்பாலும் தோற்கும் அணியை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் சொல்வதும், அதைக் கேட்க மக்கள் வானொலியைப் போடுவதும் சாதாரணச் செயல் அல்ல. தோல்வியை வைத்துக் கொண்டாடத் தெரிந்தவர் அங்கே இருந்தது அந்த நகரத்தின் நற்பேறு.

இந்த ஆண்டுகளில் பக்கத்து நாற்காலி பலருக்குப் பள்ளியாகவும் இருந்தது. 1984 முதல் 1995 வரை அவரோடு இருந்த பாட் ஹியூஸ், சிகாகோ கப்ஸ் வானொலிக்குப் போய் 2023-இல் தானும் ஃப்ரிக் விருது பெற்றார். அடுத்து வந்த ஜிம் பவல் 2008 வரை இருந்தார்.

நாடு தழுவிய புகழ் இதற்கு இணையாக ஓடியது. 1976 முதல் 1982 வரை ஏபிசி தொலைக்காட்சியின் திங்கள் இரவு ஆட்டங்கள்; 1990-களில் என்பிசி; 1985 முதல் 1990 வரை ‘மிஸ்டர் பெல்வெடியர்’ என்ற நகைச்சுவைத் தொடரில் குடும்பத் தலைவர் வேடம்; 1987-இல் ரெசில்மேனியா மேடை. 1989-இல் வந்த ‘மேஜர் லீக்’ திரைப்படத்தில் ஹாரி டாயில் என்ற விரக்தியுற்ற வர்ணனையாளராக நடித்தார். கதை நடப்பது கிளீவ்லேண்டில். மைதானக் காட்சிகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டது யூக்கர் நாள்தோறும் வேலை செய்த மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியத்தில். டாயில் பேசிய பலவும் யூக்கர் அப்போதைக்கப்போது சொன்னவை. இவை எல்லாம் முடிந்த மறுநாள் அவர் மில்வாக்கிக்குத் திரும்பிவிடுவார். பெரிய நகரங்கள் கூப்பிடக்கூடிய புகழ் இருந்தும், பிறந்த ஊரை விட்டு அவர் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை.

மில்லர் லைட் பீர் விளம்பரம் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். அதில் யூக்கர், தான் பெரிய ஆள் என்ற நம்பிக்கையில் முன்வரிசைக்கு அருகே வந்து உட்கார்கிறார். இது உங்கள் இடம் அல்ல என்று ஊழியர் எழுப்ப, எனக்கு முன்வரிசையாகத்தான் இருக்கும் என்று மகிழ்ந்தபடி நடக்கிறார். அடுத்த காட்சியில் மைதானத்தின் உச்சியில், கடைசி வரிசையில், தன்னந்தனியே கத்திக்கொண்டிருக்கிறார். 2001-இல் திறந்த மில்லர் பார்க்கில், கூரைத் தாங்கிகள் பார்வையை மறைக்கும் மேல்மட்ட இருக்கைகளை 1 டாலருக்கு விற்று அவற்றுக்கு யூக்கர் இருக்கைகள் என்றே பெயர் வைத்தார்கள். 2012-இல் மைதான வாசலில் அவருக்குச் சிலை எழுந்தது. 2014-இல் இரண்டாவது சிலை: உள்ளே, மேல்தளத்தின் கடைசி வரிசையில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் யூக்கர், பக்கத்தில் ஒரு காலி இருக்கை. மைதானத்துக்கு வருபவர்கள் படியேறிப் போய் அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

2003 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் யூக்கர் விருது வாங்கிய நாளில், புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட வீரர்களில் ஒருவர் கேரி கார்ட்டர். அவரும் கேட்சர். மேடையில் பின்னால் உட்கார்ந்திருந்த பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஆட்டக்காரனாகத் தன்னையும் சேர்த்திருக்க வேண்டும் என்ற தொனியில் யூக்கர் பேசினார். சிரித்தவர்களில் சிலருக்கு அவர் பந்து பிடித்திருக்கிறார், சிலருக்கு எதிராக மட்டை பிடித்திருக்கிறார்.

2010-இல் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தப் பருவம் முடிவதற்குள் ஒலிபரப்பு அறைக்குத் திரும்பினார். வயது ஏற ஏற வெளியூர்ப் பயணங்களைக் குறைத்துக்கொண்டு சொந்த மைதானத்து ஆட்டங்களை மட்டும் பெரும்பாலும் சொன்னார். பருவம் தொடங்கும்போது அவர் குரல் கேட்டால்தான் விஸ்கான்சினில் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்காக இருந்தது.

2024 அக்டோபர் 3 அன்று மில்வாக்கியில், நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான தொடரின் மூன்றாவது, முடிவான ஆட்டம். ஒன்பதாம் இன்னிங்ஸில் புரூவர்ஸ் 2-0 என்று முன்னே இருந்தது. இன்னும் இருவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். பீட் அலான்சோ அடித்த பந்து வலப்புற வேலியைத் தாண்டியது, மூன்று ரன்கள். மெட்ஸ் 4-2 என்று வென்றது. 90 வயது யூக்கர் ஒலிபரப்பை முடிக்கும்போது, இந்தத் தோல்வி சுடுகிறது என்ற பொருளில் ஓரிரு சொற்கள்தான் சொன்னார். வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை. அதுவே அவர் சொன்ன கடைசி ஆட்டம். 2025 ஜனவரி 16 அன்று, 91-ஆம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு, விஸ்கான்சினில் உள்ள தம் வீட்டில் காலமானார். 2023-இன் தொடக்கத்திலிருந்தே அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருந்தது என்பதைக் குடும்பத்தார் அப்போதுதான் வெளியே சொன்னார்கள். கடைசி இரண்டு பருவங்களையும் அவர் அந்த நோயோடுதான் சொல்லி முடித்திருந்தார்.